பக்கத்துப் பட்டறையிலிருந்து தொடங்குங்கள்: புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் தொடர்பு வளர்க்கும் வழி

கோயம்புத்தூரில் தவணைக்கு ஒரு சி.என்.சி. மெஷின் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம்) வாங்கிப் பட்டறை போடுகிறவர்களில் பலர் அடுத்துச் செய்வது ஒன்றுதான். ஐந்நூறு விசிட்டிங் கார்டு அச்சடிப்பார்கள். பெரிய பம்ப் கம்பெனிகளின் பர்சேஸ் அலுவலக வாசலில் போய்க் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தேன். அப்பாவின் பட்டறை என் பொறுப்புக்கு வந்தபோது அதில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், தவணை முடியாத ஒரு சி.என்.சி. இருந்தன. முதல் நான்கு மாதத்தில் 18 கம்பெனிகளுக்குக் கொட்டேஷன் கொடுத்தேன். ஒன்றிலிருந்தும் ஆர்டர் வரவில்லை. முதல் வேலை எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே இருந்ததும் எங்களைப் போலவே டர்னிங், அதாவது கடைசல் வேலை, செய்யும் பட்டறைதான். போட்டிக்காரர் என்று நினைத்து, காலையில் தலையசைப்பதோடு நான் நிறுத்திக்கொண்ட இடம்.

சக தொழில்காரர்களின் பழக்கத்தை வைத்துத் தொழிலை வளர்ப்பது எப்படி என்று புதியவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்லப்போவது ஜாப் ஒர்க் பட்டறைகளை, அதாவது பிறருடைய உருப்படிகளைக் கூலிக்குச் செய்துதரும் பட்டறைகளை, வைத்துத்தான்; எனக்குத் தெரிந்த தொழில் அது. அச்சகம் வைத்திருப்பவரும் தையல் யூனிட் நடத்துபவரும் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். அருகில் இருப்பவர்கள் முதலில். மண்டபமும் மேடையும் பிறகு.

முதலில் ஒரே ஒரு தாள்

யாரையும் பார்க்கப் போகுமுன் உங்கள் பட்டறையால் என்ன முடியும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ‘அனைத்து வகையான மெஷினிங் வேலைகளும் செய்து தரப்படும்’ என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. எல்லாம் செய்கிறவரை எந்த வேலைக்கென்று நினைவில் வைப்பது? எங்கள் தாளில் இப்படி இருக்கிறது: 150 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளம் வரை சி.என்.சி. டர்னிங், வார்ப்பிரும்பு, இ.என்.8 எஃகு, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்); 50 முதல் 2,000 உருப்படி வரை; இரண்டு ஷிப்ட்; அளக்க என்னென்ன கேஜ் இருக்கிறது என்ற பட்டியல். அதற்குக் கீழே நாங்கள் செய்யாதவை: கியர் வெட்டுவதில்லை, கிரைண்டிங் இல்லை, ஐம்பதுக்குக் குறைந்த எண்ணிக்கை எடுப்பதில்லை.

எனக்கு அதிகம் உதவியது அந்தக் கடைசி வரிதான். கிரைண்டிங் பட்டறைக்காரர் அதைப் படித்தவுடன், ‘இவர் நம் வேலைக்குக் குறுக்கே வருகிறவர் இல்லை, நமக்கு வேலை அனுப்பக்கூடியவர்’ என்று புரிந்துகொள்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். பட்டறைக்கு வழி சொல்லும் ஓர் அடையாளமும் ஜி.எஸ்.டி. எண்ணும் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணும் அதில் இருக்கட்டும். உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்டு வருபவர்களிடம் ஏமாற வேண்டாம்.

சுவருக்கு அந்தப் பக்கம்

உங்கள் தெருவில் உங்களைப் போன்ற வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரில் போங்கள். காலை எட்டரை மணிக்குப் போகாதீர்கள். ஆள் வந்தானா, மெட்டீரியல் வந்ததா என்று முதலாளி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. மாலை நாலரை மணிக்கு டீ வரும்போது போவது நல்லது. வேலை கேட்காதீர்கள். ‘பக்கத்தில் பட்டறை நடத்துகிறேன், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்’ என்பது போதும். அவருடைய மெஷினைப் பற்றிக் கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார். ஆனால் மேசைமேல் கிடக்கும் டிராயிங்கைக் கையில் எடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருப்பது எந்தக் கம்பெனி வேலை என்றும் கேட்காதீர்கள். இந்த இரண்டையும் செய்தவரை இரண்டாம் முறை யாரும் உள்ளே விடுவதில்லை.

போட்டிக்காரரிடம் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். ஜாப் ஒர்க்கில் வேலை சீராக வருவதில்லை. ஒரு மாதம் மெஷின் சும்மா நிற்கும், அடுத்த மாதம் தலைக்குமேல் குவியும். குவிந்த மாதத்தில் வேலையைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது, ஏனென்றால் திரும்பிப் போன வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். அப்போது அவருக்கு வேண்டியது நம்பகமான இன்னொரு மெஷின். பெரிய கம்பெனியின் பர்சேஸ் மேனேஜர் ஒரு புதிய பட்டறையைச் சேர்க்க வேண்டுமென்றால் படிவம், நேரடி ஆய்வு, மாதிரி உருப்படி என்று மாதக்கணக்கில் ஆகும். பக்கத்துப் பட்டறைக்காரருக்கோ இன்று இரவே வேண்டும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு, எட்டு மணி இருக்கும். பக்கத்துப் பட்டறை அண்ணன் தோளில் சாக்குப் பையோடு வந்து நின்றார்.

“அம்மணி, ஸ்பிண்டில் பேரிங் போய்விட்டது. காலையில் எட்டு மணிக்கு வண்டி வந்துவிடும். 180 புஷ் முடியுமா?”

புஷ் என்பது நடுவில் துளையுள்ள உருளை. 25 மி.மீ. துளை, எச்7 என்ற அளவு வரம்பு. அதாவது 25-க்குக் கீழே இறங்கக் கூடாது; மேலே 21 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் ஏறக் கூடாது. ஆபரேட்டர் தம்பி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கேட்டதும் சாப்பாட்டுப் பையை மறுபடி ஆணியில் மாட்டினான். அதிகாலை நாலரைக்கு முடித்தோம். அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் துளையைச் சோதிக்கும் பிளக் கேஜை மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்று புஷ்ஷில், உள்ளே போகவே கூடாத நோ-கோ முனை வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது; துளை பெரிதாகிவிட்டது. டிப்பை (வெட்டும் முனையை) மாற்றிவிட்டு ஆஃப்செட்டை (மெஷினில் பதியும் அளவுத் திருத்தத்தை) சரிசெய்த நேரத்தில் ஓடியவை அவை. மூன்றுக்கும் சிவப்புப் பெயின்ட் தடவித் தனியாகக் கட்டினேன். ‘177 நல்லது, 3 ரிஜெக்ட்’ என்று சலானிலேயே எழுதினேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அந்த மூன்றில் ஒன்றை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார், பைக்குள் போட்டார், போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு புது டிராயிங்கோடு வந்தார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் எங்களுக்கு வந்த வேலையில் ஏறக்குறைய பாதி அவர் சொல்லி வந்தது.

இப்படி வரும் வேலையில் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, எவ்வளவு நெருங்கிய பழக்கமானாலும் சலான் இல்லாமல் உருப்படியை உள்ளே இறக்காதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும்; கணக்கு இல்லையென்றால் அவருக்கும் தொல்லை, உங்களுக்கும் தொல்லை. இரண்டாவது இன்னும் முக்கியம். வேலை கொடுத்தவரைத் தாண்டி அவருடைய வாடிக்கையாளரிடம் போகாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்த வாடிக்கையாளரே என் எண்ணைத் தேடிப்பிடித்து, ‘நேராக உங்களுக்கே கொடுக்கிறோம், விலையைக் கொஞ்சம் குறையுங்கள்’ என்றார். அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தெருவில் செய்தி எப்படியும் அவர் காதுக்குப் போகும். என் வாயிலிருந்து முதலில் போகட்டும் என்று நினைத்தேன்.

ஒரே உருப்படியைத் தொடும் கைகள்

ஒரு பம்ப் ஷாஃப்ட் முழுமையாவதற்குள் ஸ்டீல் கடை, டர்னிங், கீ-வே வெட்டும் மில்லிங் பட்டறை, ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் என்று கை மாறிக்கொண்டே போகிறது. இவர்கள் எல்லோருக்கும் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய ஒன்றே, வேலை மட்டும் வேறு. அதனால் பொறாமைக்கு இடமில்லை. தெருவுக்கு அடுத்தபடியாக நீங்கள் பழக வேண்டியது இவர்களோடுதான்.

கோவையில் மாலை நேரப் பேச்சு பேக்கரியில் நடக்கும். டீயும் பஃப்ஸும் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றபடியே எந்தக் கம்பெனியில் ஆர்டர் ஏறியிருக்கிறது, யார் மெஷின் விற்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். நான் போய் நின்றால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். பெண்கள் இதில் மனம் தளர வேண்டாம், பேச வேறு இடம் இருக்கிறது. உருப்படிகளைப் பையனிடம் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் நானே ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்கு எடுத்துப்போகத் தொடங்கினேன். அங்கே எடை மேடை முன்னால் ஊரிலுள்ள பட்டறைகளெல்லாம் வரிசையில் நிற்கும். முறை வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் கிடைத்த பழக்கங்களில் இரண்டு பேர் இன்றும் எனக்கு மாதாமாதம் வேலை கொடுக்கிறார்கள். உங்கள் தொழிலில் எல்லோரும் வந்து காத்திருக்கும் இடம் எது என்று தேடுங்கள். பேப்பர் மண்டியாக இருக்கலாம், சாயப்பட்டறையாக இருக்கலாம், பார்சல் ஆபீஸாக இருக்கலாம்.

டிப் விற்க வரும் சேல்ஸ் தம்பியையும் மெஷின் சர்வீஸ் இன்ஜினியரையும் பலர் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நாளில் பத்துப் பட்டறை ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், பில்லுக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுங்கள். ‘யாருக்காவது டர்னிங்கில் கை போதவில்லை என்றால் என் பெயரைச் சொல்லுங்கள்’ என்று ஒருமுறை சொன்னால் போதும். அடுத்தவர் கடையின் உள்விவரங்களை அவர்களிடம் தோண்டிக் கேட்காதீர்கள். அங்கே நடப்பதை உங்களிடம் சொல்கிறவர் உங்கள் பட்டறையில் நடப்பதையும் அங்கே சொல்வார்.

சங்கத்தில் சேர்வது

ஓராண்டு ஓட்டிய பிறகு சங்கத்தைப் பாருங்கள். கோவையில் 1929-இல் தொடங்கிய இந்தியத் தொழில் வர்த்தக சபை இருக்கிறது. பொறியியல் உற்பத்தியாளர்களுக்கு 1952-இல் வந்த சீமா, சிறுதொழில்களுக்கு 1969-இல் வந்த கொடிசியா, குறுந்தொழில்களுக்கு டேக்ட் என்று அவரவர் அளவுக்கு ஒன்று உண்டு. மதுரையில் மடீட்சியா, திருச்சியில் டிடிட்சியா, ஓசூரில் ஹோஸ்டியா, அம்பத்தூரில் ஐமா. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர்களுக்கு 1990 முதல் தனிச் சங்கம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் சேராதீர்கள். ஒன்றே ஒன்றில் சேருங்கள். உங்கள் அளவுக்கு இருப்பவர்கள் அதிகம் உள்ள சங்கமாகப் பாருங்கள். முதல் மூன்று கூட்டங்களுக்கு விருந்தினராகப் போகலாமா என்று கேளுங்கள். சேர்ந்த பிறகு ஏதாவது ஒரு குழுவில் வேலை கேட்டு வாங்குங்கள்: பயிற்சி வகுப்புக்கு நாற்காலி போடுவது, மின்கட்டணம் பற்றிய மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டுவது, எதுவானாலும் சரி. கூட்டத்தில் கை குலுக்கியவர்களின் பெயர் மறுநாள் மறந்துவிடும். சேர்ந்து கையெழுத்துத் திரட்ட அலைந்தவரை மறக்க முடியாது. அந்த அலைச்சலில்தான் நீங்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறவரா, எடுத்த வேலையை முடிக்கிறவரா என்பது பிறருக்குத் தெரிகிறது. தொழிலில் அவர்கள் அறிய விரும்புவதும் அதைத்தான்.

கண்காட்சியில் ஒரு நாள்

கோவையில் கொடிசியா நடத்தும் இன்டெக், சென்னையில் ஏக்மி, பெங்களூரில் இம்டெக்ஸ். ஸ்டால் எடுக்க அவசரப்பட வேண்டாம், முதலில் பார்வையாளராகப் போங்கள். முன்கூட்டியே அரங்கு வரைபடத்தைப் பார்த்து எட்டுப் பத்து ஸ்டால்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் போங்கள். கை நிறைய நோட்டீஸ் சேர்ப்பதால் பயன் இல்லை. வாங்கிய ஒவ்வொரு கார்டின் பின்புறத்திலும் என்ன பேசினோம் என்று அங்கேயே நின்று நாலு வார்த்தை எழுதிவிடுங்கள். மறுநாளைக்குள் உங்கள் தாளை அவருக்கு அனுப்புங்கள்.

வாரக் கூட்டக் குழுக்கள்

ஒவ்வொரு வாரமும் அதிகாலையில் ஓட்டலில் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைக்கும் குழுக்கள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன. அவற்றில் பெரியது பி.என்.ஐ.; 1985-இல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கியது. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்பது அதன் விதி. சேருவதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். நேரடியாகப் பொதுமக்களுக்கோ பல வகைத் தொழில்களுக்கோ சேவை செய்பவர்களுக்கு, அதாவது ஆடிட்டர், இன்டீரியர் வேலை செய்பவர், இன்சூரன்ஸ் முகவர், அச்சகத்தார் போன்றவர்களுக்கு, இது நன்றாகப் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். என்னைப் போன்ற ஜாப் ஒர்க் பட்டறைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. என் புஷ்ஷை வாங்குகிறவர் அந்த மண்டபத்தில் இருப்பது அரிது. கட்டணம் கட்டுமுன் அந்தக் கிளையின் உறுப்பினர் பட்டியலை வாங்கி, இவர்களில் எத்தனை பேர் உங்கள் வாடிக்கையாளரோடு தினமும் பேசுகிறவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ரோட்டரி சங்கத்தின் பெயர்க் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கியபோது உறுப்பினர்கள் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடினார்கள். அந்தச் சுழற்சிதான் பெயரானது. நீங்கள் எந்தக் குழுவில் இருந்தாலும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஒருவருடைய கடைக்குள் போய்ப் பார்த்தால்தான் அவரைப் பற்றி இன்னொருவரிடம் நம்பிச் சொல்ல முடியும்.

பரிந்துரைக்கும்போது

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். ஒரு வாடிக்கையாளர் நல்ல பிளேட்டிங் கடை சொல்லுங்கள் என்றார். கூட்டத்தில் இனிமையாகப் பேசிய ஒருவரின் எண்ணைக் கொடுத்தேன். அவருடைய கடையை நான் பார்த்ததே இல்லை. மூன்று வாரத்தில் 400 உருப்படிகளில் முலாம் செதில் செதிலாக உரிந்து வந்தது. வாடிக்கையாளர் அந்தக் கடைக்காரரைத் திட்டவில்லை, என்னைத்தான் கேட்டார். மறுபடி முலாம் போடும் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த வாடிக்கையாளர் இன்னும் இருக்கிறார் என்றால் அதற்காகத்தான்.

அதனால், வேலையை நேரில் பார்த்தவரை மட்டும் பரிந்துரையுங்கள். பார்க்காதவராக இருந்தால், ‘ஆளைத் தெரியும், வேலையைத் தெரியாது, நீங்கள் மாதிரி போட்டுப் பாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு எண்ணைக் கொடுங்கள். கமிஷன் வாங்காதீர்கள். வாங்கினால், அடுத்த முறை நீங்கள் ஒருவரைப் புகழும்போது அது புகழ்ச்சியா வியாபாரமா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வரும். பத்து நாள் கழித்து இருவருக்கும் போன் செய்து எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

உங்களுக்கு ஒருவர் பரிந்துரை தந்தால், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். தன் பேச்சு என்ன ஆனது என்று தெரியாமல் இருப்பவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

நோட்டும் பணமும்

ஒரு நீளநோட்டு போதும். பெயர், என்ன வேலை, யார் அறிமுகம், கடைசியாக எப்போது பேசினோம், அவருக்கு என்ன தேவை என்று ஆளுக்கு ஒரு பக்கம். மாதம் ஒருமுறை புரட்டுங்கள். மூன்று மாதமாகப் பேசாதவர்கள் ஐந்து பேருக்குப் போன் செய்யுங்கள். வேலை கேட்க வேண்டாம். ‘போனமுறை வி.எம்.சி. மெஷின் வாங்கப்போவதாகச் சொன்னீர்களே, வந்துவிட்டதா?’ என்று கேட்டால் அவருக்கு மனம் குளிரும். பண்டிகை வாழ்த்துப் படங்களை நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதை விட்டுவிடுங்கள், அதை யாரும் திறப்பதில்லை.

பழக்கத்தால் கிடைப்பவற்றில் ஆர்டரைவிட விலை மதிப்புள்ளது ஒன்று உண்டு: எந்தக் கம்பெனி எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது என்ற தகவல். இதை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள், நேரில்தான் சொல்வார்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தர எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்குக் கூட்டுவட்டி. சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் தவணை நாளன்று மெஷினுக்குக் கடன் கொடுத்தவரிடம் சட்டத்தைக் காட்ட முடியாது.

அதனால் புதிய கம்பெனியின் முதல் பெரிய ஆர்டர் கைக்கு வந்ததும் நோட்டை எடுத்து, அவர்களுக்கு ஏற்கெனவே வேலை செய்யும் இரண்டு பட்டறைகளுக்குப் போன் செய்யுங்கள். ‘அண்ணா, அங்கே பேமென்ட் எப்படி?’ என்று கேளுங்கள். ‘கொடுப்பார்கள், ஆனால்...’ என்று இழுத்தால், மெட்டீரியல் காசை அட்வான்ஸாக வாங்கிய பிறகே கம்பியை இறக்குங்கள்.